மூனாவது நிமிசத்தில் நான் அடித்த அடி

ரெண்டு வருசத்துக்கு முந்தி, தைப்பொங்கல் கழிஞ்ச அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலை டவுனில் என் சொந்த மண்டபத்தில் நடந்த சங்கதி இது. சொந்த மண்டபம் என்று சும்மா சொல்லவில்லை. கீழே ஹாட்வெயார் கடை, மேலே கல்யாண மண்டபம், ரெண்டுமே நான் கூட நின்று கல்லு தூக்கிக் கட்டினது. நான் படித்தது நாலாம் வகுப்பு. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டில், ஒரே அறைக் காம்பிராவில் எட்டுப் பேரோடு பிறந்து வளர்ந்தவன். இன்றைக்கு லிந்துலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் யார் வீடு கட்டினாலும் அந்தச் சுவரில் என் கடை ஆணி ஒன்றாவது இருக்கும். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

நான் மேலே வந்ததுக்குக் காரணம் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்லுவேன், நேரம். காலையில் ஏழு மணிக்கு ஷட்டர் தூக்குகிறேன் என்றால் ஏழு மணிதான். மழையா, ஹர்த்தாலா, வீட்டில் சாவா, எதுவும் எனக்குக் கணக்கில்லை. எங்கள் டவுனில் பாதிப் பேர் என் ஷட்டர் சத்தத்தைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவாங்க.

இந்தப் பழக்கம் எனக்குத் தோட்டத்திலேயே வந்தது. பதிமூனு வயசில் எனக்குக் கிடைத்த முதல் வேலை தண்டவாளம் அடிக்கிறது. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ரயில் தண்டவாளத்துத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. காலையில் அதை இரும்பால் அடித்தால் மலை முழுக்கக் கேட்கும். உடனே எல்லாரும் பெரட்டுக்கு வரணும். பெரட்டு என்றால் தொழிலாளிங்க வரிசையாக நிற்க, கங்காணி செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கிறது. ரெண்டாவது தரம் அடித்தால் பெரட்டு கலைஞ்சது. அதுக்குப் பிறகு வந்தவங்களை விரட்டிடுவாங்க. அன்றைக்குப் பேர் இல்லை, வேலை இல்லை.

ஒரு நாள் எங்கம்மாவே பிந்திட்டாங்க. தம்பியைப் பிள்ளை பார்க்கிற மடுவத்தில் விட்டுட்டு, கூடையைப் பிடிச்சுக்கிட்டு ஏத்தத்தில் ஓடி வர்றது எனக்குத் தெரியுது. நான் பார்த்துக்கிட்டேதான் அடிச்சேன். அம்மாவை விரட்டிட்டாங்க. வேலை மேற்பார்த்த கண்டாக்கையா என் முதுகில் தட்டி, "இவன் உருப்படுவான்டா" என்றார்.

இந்தக் கதையைக் கோயில் கூட்டத்திலும் பள்ளிக்கூடப் பரிசளிப்பிலும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன். சொல்லும்போதெல்லாம் கை தட்டுவாங்க. பிற்பாடு தோட்டத்தில் சைரன் வந்து, அந்தத் தண்டவாளத்தைப் பழைய இரும்போடு போட்டபோது, நானே போய் அதை வாங்கிட்டு வந்து கடையில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். வர்ற ஆளுங்களிடம், "இதை அடிச்சவன்தான் இன்னிக்கு இதுக்குச் சொந்தக்காரன்" என்று காட்டுவேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு மாசம் முந்தி, லிந்துலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒரு டீச்சர் மண்டபம் கேட்டு வந்தாங்க. சின்ன வயசு, துடிப்பான பிள்ளை. கவிதைப் போட்டி வைக்கப்போறாங்களாம். கவிதை என்றதும் நான், "மாலை, பொன்னாடை, தலைமையுரை, கொட்டாவி, அதுதானே டீச்சர்?" என்றேன். அவங்க சிரிச்சிட்டு, "இல்லைங்க ஐயா, இது வேற" என்று விளக்கினாங்க. வெளிநாட்டில் ஸ்லாம் என்று சொல்லுவாங்களாம். ஒரு ஆள், ஒரு மைக், மூனு நிமிசம். கையில் தாள் வச்சுக்கக் கூடாது. வேசம், மேளம், பாட்டுப் பெட்டி எதுவும் கிடையாது. உடம்பும் குரலும்தான் கவிதை. புள்ளி போடுறதும் பண்டிதருங்க இல்லை. கூட்டத்திலிருந்து அஞ்சு பேரைப் பிடிச்சு உட்கார வச்சு, ஆளுக்கு நம்பர் எழுதின அட்டைகளைக் குடுத்திடுவாங்க. சலூன்காரர் போடலாம், சந்தையில் மரக்கறி விக்கிறவர் போடலாம்.

இது எனக்குப் பிடிச்சுப் போச்சு. படிக்காதவன் புள்ளி போடுற போட்டியை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மண்டபத்தைச் சும்மாவே தர்றேன் என்றேன். ரெண்டே நிபந்தனை. பெனரில் என் படம் இருக்கணும். நேரம் பார்க்கிற வேலை எனக்கு வேணும்.

"மூனு நிமிசம் ஆனதும் மணி அடிக்கணுங்க ஐயா, அவ்வளவுதான்."

"மணி எதுக்கு டீச்சர்? மலையகத்துப் போட்டிக்கு மலையகத்துச் சத்தம் வேணும். என் தண்டவாளத்தை மேடையில் தொங்கவிடுறேன்."

டீச்சர் கொஞ்சம் யோசிச்சாங்க. பிறகு, "சரிங்க ஐயா. ஆனா அடி விழுந்ததும் நிறுத்தணும்னு சட்டம் இல்லீங்க. பாதியில் நிக்கிறவங்க சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். பிந்துற ஒவ்வொரு பத்து செக்கனுக்கும் அரைப் புள்ளி குறையும், அவ்வளவுதான்" என்றாங்க. நானும் தலையாட்டினேன்.

போட்டிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அவங்க திரும்பவும் போன் எடுத்தாங்க. நான் அப்போது பெனர் அடிக்கிற கடையில், என் படம் சின்னதாகப் போட்டுட்டான் என்று சண்டை பிடிச்சுக்கிட்டு நின்றேன்.

"ஐயா, கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தங்க பேர் குடுத்திருக்காங்க. அவங்க மகள் ஓடையில் அடிச்சுக்கிட்டுப் போய் மூனு வருசம் ஆகுது. அன்னையிலேருந்து அந்தப் பிள்ளையோட பேரை அவங்க வாயில் எடுத்ததே இல்லையாம். இந்த மேடையில் சொல்லப் போறேன்னு வர்றாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு நிமிசம் கூடக் குடுக்கலாமாங்க?"

நான் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "டீச்சர், என் சொந்தத் தாய்க்கே நான் ஒரு நிமிசம் குடுத்ததில்ல. எல்லாருக்கும் ஒரே அளவு." சொல்லிட்டுப் படத்தைப் பார்க்கத் திரும்பிட்டேன்.

அன்றைக்கு வெளியே தூறல், மண்டபம் நிறைஞ்ச கூட்டம். முன் வரிசையில் டவுன் வியாபாரிங்க, கெம்பஸில் படிக்கிற பிள்ளைங்க. பின்னால் மூனு வரிசைக்குச் சுவெட்டரும் குடையுமாகத் தோட்டத்து ஆளுங்க. ஒரே லயத்திலிருந்து வாடகை வேன் பிடிச்சு வந்திருக்காங்க என்று சொன்னாங்க. கிழவர், பிள்ளைத்தாச்சி, கைப்பிள்ளைக்காரி என்று மொத்த லயமும் வந்த மாதிரி இருந்தது. எதுக்கு இத்தனை பேர் என்று நான் யோசிக்கவே இல்லை. பெனரைப் பார்க்க ஆள் இருக்கு என்ற சந்தோசம்தான் எனக்கு.

புள்ளி போடுற அஞ்சு பேரில் ஒருத்தர் பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்க நானா என்று கூப்பிடுறவர். என்னோடு முப்பது வருசப் பழக்கம், வாயாடி. "மொதலாளி, பாட்டு நல்லா இல்லாட்டி மைனஸ் போடலாமா?" என்று ஆரம்பத்திலேயே எல்லாரையும் சிரிக்க வச்சிட்டார்.

பிடிச்ச வரிக்குக் கை தட்டாமல் விரலைச் சொடுக்கணும், அப்போதுதான் சொல்றவங்க குரல் கேட்கும் என்று டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. முன் வரிசையில் சொடக்கு சடசடவென்று விழுந்தது. பின் வரிசைப் பெண்களும் போட்டுப் பார்த்தாங்க. கொழுந்து கிள்ளிக் காய்ச்சுப்போன விரலில் சொடக்கு எங்கே வரும்? "நம்ம வெரலு ஊமை வெரலுடி" என்று ஒருத்தி சொல்ல, அந்த வரிசையே குலுங்கிச் சிரிச்சது.

உள்ளதைச் சொல்லணும், பிள்ளைங்க பிச்சு எடுத்தாங்க. ஒரு பெண் பிள்ளை, லயத்து வீட்டுக்கு நம்பர் இல்லாததால் தனக்கு வந்த கடிதம் எந்தெந்தக் கையெல்லாம் சுத்தி எப்படிக் காணாமல் போச்சு என்று தபால்காரர் மாதிரியே நடந்து நடந்து சொன்னாள். ஒரு கெம்பஸ் பையன் தேயிலைச் செடி பேசுற மாதிரிப் பேசினான். மேடை அதிர்ந்தது. மூனு நிமிசம் ஆனதும் நான் தண்டவாளத்தை அடிச்சேன். அவன் என் பக்கம் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிட்டு, இன்னும் முக்கால் நிமிசம் பேசி முடிச்சிட்டுத்தான் இறங்கினான். அவனுக்கு முன்னால் வந்தவங்களில் நாலு பேரும் அப்படித்தான். நான் அடிக்க அடிக்க அவங்க பேச, கூட்டத்துக்கு அதுவே ஒரு வேடிக்கையாகிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ளே எரிஞ்சது. என் தண்டவாளத்துக்கு ஒருத்தனும் மதிப்புக் குடுக்கலையே என்று.

எட்டாவதாக அந்த அம்மா வந்தாங்க. நாற்பத்தஞ்சு வயசிருக்கும். பச்சைச் சேலை, மேலே ஆம்பிளைச் சுவெட்டர். செருப்பை மேடைப் படியில் கழட்டிட்டு ஏறினாங்க. "கிட்ட நின்னு பேசணுங்களா, தூர நின்னுங்களா?" என்று மைக்கைப் பார்த்துக் கேட்டாங்க. கூட்டம் சிரிச்சது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிக்கலாம்" என்றேன்.

அவங்க இடுப்பில் ஒரு கையை வச்சு, கழுத்தை நீட்டி, "பெரட்டுக்கு வா! பேர் கூப்புடுறேன்!" என்று ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, எனக்கு முதுகு நிமிர்ந்திடுச்சு. அச்சு அசல் கங்காணி. அப்புறம் புரிஞ்சது, அவங்க கூப்பிட்டது எல்லாம் செத்துப்போனவங்க பேர். தோட்டத்தில் வேலை செய்து செத்தவங்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு நடத்துறாங்க. கங்காணியும் அவங்கதான், பதில் சொல்றதும் அவங்கதான். பேர்களை நான் இங்கே எழுதவில்லை.

"ஏழாம் நம்பர் மலை!" என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டாங்க. அடுத்த நொடி தோளைக் குறுக்கி, மெல்லிசுக் குரலில் பதில். "வரலீங்க. குளவி கலைஞ்சப்ப மத்தவங்கள ஓடச் சொன்னேங்க. எனக்கு ஓட மறந்து போச்சுங்க." உடனே கங்காணி, "அரைப்பேர் போடு!" அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். பின் வரிசையில் யாரோ வாய் விட்டு அழுதாங்க.

"கவ்வாத்துக்கு!" என்று தேயிலைச் செடி வெட்டுற வேலைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டாங்க. "வரலீங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னேங்க. லொறி கொழுந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சுங்க. திரும்பி வர்ற வரைக்கும் நெஞ்சு காத்திருக்கலீங்க."

இப்படி ஆறு பேர். தாள் இல்லை, தடுமாற்றம் இல்லை. எங்கேயும் சொடக்குச் சத்தம் கேட்கவில்லை. முன் வரிசைக்காரங்களும் கையை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான்? நான் ரெண்டாம் நிமிசம் தாண்டினதும் கேட்கிறதை விட்டுட்டேன். செக்கன் முள்ளைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவங்க சொன்னதெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்குள்ளே திரும்பி வந்தது.

அவங்க குரலை இறக்கினாங்க. கங்காணி போயிட்டார். அம்மா மட்டும் நின்னாங்க.

"இன்னும் ஒருத்தி நிக்கிறா. செக்ரோல்ல பேரில்லாதவ. எந்த மலைக்கும் பிரிக்காதவ. ஸ்கூல் சப்பாத்தோட நிக்கிறா. மழைக்குப் போத்திக்க பொலித்தீன் கொண்டுவரச் சொன்னது நான். ஓடையில தண்ணி கூடியிருக்குன்னு யோசிக்காதது நான். அன்னிக்கும் நான்தான் கூப்புட்டேன். இன்னிக்கும் நான்தான் கூப்புடுறேன். வாடி..."

நான் அடிச்சேன்.

அவங்க வாய் திறந்தபடியே ஒரு நொடி நின்றது. அப்புறம் மூடினாங்க. முந்தானையை இழுத்துச் சொருகி, தண்டவாளத்தைப் பார்த்து, "சரிங்க" என்றாங்க. என்னைப் பார்த்து இல்லை, அந்த இரும்பைப் பார்த்து. இறங்கிச் செருப்பைத் தேடினாங்க.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "முடிச்சிட்டுப் போங்கம்மா" என்று. டீச்சர் மேடை ஓரத்திலிருந்து ரெண்டு கையையும் ஆட்டி என்னிடம் அதைத்தான் காட்டினாங்க. நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை எடுத்து, சந்தோசமாக, "பாத்தீங்களா! இந்த மண்டபத்துல தண்டவாளத்துக்கு மரியாதை தெரிஞ்ச ஒரே ஆள் இந்த அம்மாதான்! எல்லாரும் ஒரு தரம் நல்லாக் கை தட்டுங்க!" என்றேன்.

பாராட்டுறதாகத்தான் நினைச்சேன். முன் வரிசையில் பழக்கத்துக்குக் கொஞ்சம் பேர் தட்டினாங்க.

துணிக்கடை நானா மட்டும் எழும்பி நின்றார். "மொதலாளி, அந்த மனிசிய முடிக்க உடுங்க. கடைசில என்னமோ ஒன்டு சொல்ல வந்திச்சி."

"நானா, எல்லாருக்கும் ஒரே அளவு. நீங்க நம்பரைத் தூக்குங்க."

"முடியாத கவிதைக்கு நான் எப்பிடி நம்பர் போடுற?" என்று அட்டைகளை எல்லாம் மடியில் கவுத்து வச்சிட்டு உட்கார்ந்தார். முப்பது வருசத்தில் அவர் சிரிக்காமல் என்னிடம் பேசினது அன்றைக்குத்தான்.

டீச்சர் ஓடிப்போய் அந்த அம்மா கையைப் பிடிச்சு ஏதோ கெஞ்சினாங்க. அவங்க மாட்டேன் என்று தலையை ஆட்டிட்டாங்க. கொஞ்ச நேரத்தில் பின் வரிசை மூனும் எழும்பினது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் படி இறங்கிப் போயிட்டாங்க. மழை கூடுது, வேன்காரன் அவசரப்படுத்துறான் போல என்று நினைச்சேன். முக்கால் நிமிசம் பிந்தின கெம்பஸ் பையனுக்குத்தான் முதல் பரிசு. நானே மாலை போட்டேன்.

எல்லாம் முடிஞ்சு படியிறங்கும்போது டீச்சர் வழியில் நின்றாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அடுத்த சொல்லு அந்தப் பேருதாங்க ஐயா."

எனக்கு உடனே கோவம்தான் வந்தது. தப்பு என் பக்கம் வரும்போது எனக்கு முதலில் அதுதான் வரும். "அடிச்சா முடிச்சிட்டு இறங்கலாம்னு நீங்கதானே சட்டம் சொன்னீங்க? மத்தப் பிள்ளைங்க எல்லாம் பேசலையா? அந்த அம்மா ஏன் நிறுத்தினாங்க?"

"ஐயா, நீங்க அடிச்சது எதை? அவங்க தோட்டத்துல இன்னும் அதைத்தான் அடிக்கிறாங்க. இருவத்தாறு வருசமா அந்தச் சத்தத்துக்கு வேலைக்குப் போறாங்க. அந்தச் சத்தத்துக்குக் கூடைய எறக்குறாங்க."

அவங்க விடாமல் மேலே சொன்னாங்க. அந்த லயத்தில் மூனு வருசமாக யாருமே அந்தப் பேரைச் சொல்றதில்லையாம். அந்தப் பேரில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்தாளாம், அவளைக்கூட வேறு பேர் வச்சுத்தான் கூப்பிடுறாங்களாம். பெத்தவள் முதலில் சொல்லட்டும், பிறகு நாம சொல்லுவோம் என்று மொத்த லயமும் காத்துக்கிட்டு இருந்தது. அதைக் கேட்கத்தான் அன்றைக்கு வேன் பிடிச்சு எல்லாரும் வந்தது.

அதுக்கு அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி அப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கிட்டு, காரை எடுத்துக்கிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தேயிலை அரைக்கிற ஸ்டோர் வரைக்கும்தான் கார் போகும். மிச்சத்தை நடந்தேன். வழியில் ஒரு ஓடை. மேலே ரெண்டு மரத்தைப் போட்டுப் பாலம் மாதிரி வச்சிருந்தாங்க. அன்றைக்குத் தண்ணி கணுக்கால் அளவுக்குத்தான் ஓடினது. அந்தத் தண்ணியைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டுத்தான் தாண்டினேன்.

அவங்க வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போனார். "வாங்க மொதலாளி, உக்காருங்க" என்று கதிரையைத் துடைச்சுப் போட்டார். அந்த அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. முகத்தில் கோவம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்து எத்தனையோ வருசம் ஆச்சு.

"ஐயையோ, என்னாங்க நீங்க. நேரம் முடிஞ்சிருச்சு, எறங்கிட்டேன். அவ்வளவுதானுங்களே."

"இல்லம்மா. நீங்க சொல்ல வந்ததை இப்ப சொல்லுங்க. நான் கேக்கத்தான் வந்திருக்கேன்."

அவங்க திருப்பி ஒன்று கேட்டாங்க. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாங்க.

"பெரட்டு கலைஞ்ச பொறகு பேர் கூப்புடுவாங்களாங்க?"

பதில் எனக்குத் தெரியும். என்னை விட வேறு யாருக்குத் தெரியும்? கூப்பிட மாட்டாங்க. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டேன். ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விட்ட ஆள் இல்லை நான். அப்பிள் பெட்டியைத் திரும்பவும் தூக்கிக்கிட்டுப் பாதி வழி வந்ததுகூட ஓடைக்கரையில்தான் தெரிஞ்சது. ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டுக் குடுத்தனுப்பினேன்.

ஆனாலும் விடவில்லை. சித்திரை வருசப் பிறப்பு கழிஞ்சு டீச்சரைப் பிடிச்சு, அதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம் வைக்கச் சொன்னேன். போட்டி வேண்டாம், புள்ளி வேண்டாம், நேரம் வேண்டாம். அந்த அம்மா ஒருத்தங்க மட்டும் பேசட்டும். பெனர் இல்லை, என் படம் இல்லை. தண்டவாளத்தைக் கழட்டிக் கீழே சீமெந்து மூட்டைக்குப் பின்னால் போட்டேன். வேனும் நானே அனுப்பினேன். வீட்டுக்காரரும் டீச்சரும் எவ்வளவோ சொல்லி அவங்க வந்தாங்க. அந்த மூனு வரிசையும் வந்தது. நானாவும் கடையைப் பூட்டிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

அவங்க ஏறினாங்க. இந்தத் தரம் மைக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் மலையைக் கூப்பிட்டாங்க. கவ்வாத்தைக் கூப்பிட்டாங்க. ஆறு பேரையும் கூப்பிட்டு, ஆறு பேருக்கும் பதில் சொன்னாங்க. ஒரு சொல் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த கங்காணி இல்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரி இருந்தது. குரலை இறக்கினாங்க. "இன்னும் ஒருத்தி நிக்கிறா" என்றாங்க. சப்பாத்து, பொலித்தீன், ஓடை எல்லாம் வந்தது. "இன்னிக்கும் நான்தான் கூப்புடுறேன். வாடி" என்றாங்க.

நின்னாங்க.

தகரத்தில் மழை விழுகிறது மட்டும் கேட்டது. முன்னால் குந்தியிருந்த வீட்டுக்காரர் ரெண்டு கையையும் கோர்த்து வாயில் வச்சுக்கிட்டார். அந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி, தண்டவாளம் தொங்கின இடத்தைப் பார்த்தாங்க. அங்கே வெறும் கொக்கிதான் இருந்தது. அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. நான் கையில் கடிகாரம் கட்டவில்லை, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவங்க வாய் ரெண்டு தரம் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அவ்வளவுதாங்க" என்று கும்பிட்டு இறங்கிட்டாங்க.

வேனில் ஏறும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சார். "ஒங்க மேல கோவம் இல்லீங்க மொதலாளி. மூனு வருசமா மலையில நிரைக்கு நிரை சொல்லிப் பாத்து, சொல்லிப் பாத்து, அன்னிக்கு ஒரு நாள்தான் தொண்டை வரைக்கும் கொண்டாந்தா. திரும்ப உள்ள போயிருச்சுங்க. இனி எப்ப வருமோ."

இன்னும் வரவில்லை. டீச்சரிடம் அப்பப்போ கேட்டுக்கிறேன். அந்த லயத்தில் அந்தச் சின்னப் பிள்ளையை இப்போதும் வேறு பேரில்தான் கூப்பிடுறாங்களாம். அந்த அம்மா வேலைக்குப் போறாங்களாம், வர்றாங்களாம், மேடைக்கு மட்டும் கூப்பிட்டால் வர்றதில்லையாம்.

எனக்கு இப்போது ஒன்று அடிக்கடி வருது. எங்கம்மாவை விரட்டின அன்றைக்கு, அவங்க வெறுங்கூடையோடு இறக்கத்தில் திரும்பிப் போகும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்களா என்று எவ்வளவோ யோசிச்சுப் பார்க்கிறேன். ஞாபகம் வரமாட்டேங்குது. முதுகில் தட்டின கைதான் ஞாபகம் இருக்கு. அன்றைக்கு வீட்டில் என்ன சமைச்சாங்க, என்ன சொன்னாங்க, ஒன்றும் தெரியாது. கேட்கலாம் என்றால் அம்மா என் கடையைப் பார்க்கும் முன்னமே போயிட்டாங்க.

தண்டவாளம் இன்னும் சீமெந்து மூட்டைக்குப் பின்னால்தான் கிடக்கு. விற்கவும் மனசில்லை, மாட்டவும் மனசில்லை. கடையை இப்போதும் ஏழு மணிக்குத்தான் திறக்கிறேன். சுபாவம் போகாது. கல்லாவில் உட்கார்ந்தால் நாலாம் வகுப்புக் கதையும் லயத்துக் கதையும் பேசுறேன், அந்தப் பெருமை எனக்கு உரியது. தண்டவாளம் அடிச்ச கதையை மட்டும் எந்த மேடையிலும் இப்போது சொல்றதில்லை.

அந்தப் பிள்ளையின் பேர் எனக்குத் தெரியும், டீச்சர் சொன்னாங்க. அதை இங்கே எழுதி உங்களுக்குச் சொல்லிடலாம்தான், ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டிய வாய் நான் அடிச்ச அடியில் மூடினது. அது தானாகத் திறக்கும் வரைக்கும் நானும் அந்த லயத்து ஆளுங்களோடு ஒருத்தனாகக் காத்துக்கிட்டு இருக்கணும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.